மூன்றாவது உத்திரம்

உங்களில் ஒருவர் பயிற்சிக்காக லித்துவேனியா போய், வில்னியஸ் பழைய நகரத்தின் படங்களை நம் பொறியாளர் குழுவில் வரிசையாகப் போட்டிருந்தார். செங்கல் தேவாலயம், தனியாக நிற்கும் மணிக்கூண்டு, கல் பாவிய குறுகலான தெருக்கள். கடைசிப் படத்துக்குக் கீழே, 'நம்ம ஊர்ல எதையாவது இப்படிக் காப்பாத்தி வச்சிருக்கோமா?' என்று ஒரு கேள்வி. அதற்குப் பத்திருபது பேர் அழுகிற முகத்தைப் பதிலாகப் போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. பெருவிரலால் தட்டி முடிக்கிற பதில் என்னிடம் இல்லாததால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அங்கே வானத்திலிருந்து பனி விழுகிறது. இங்கே செண்பகத்தோப்பு மலைப் பக்கமிருந்து சாரல் அடிக்கிறது. சுவருக்கு இரண்டும் ஈரம்தான். பழைய கட்டடம் எந்த ஊரில் நின்றாலும் அதைக் கெடுப்பது பெரும்பாலும் மழையும் வெயிலும் அல்ல, அதற்கு நல்லது செய்யப் புறப்பட்டவர்கள்தான். நான் அப்படிப் புறப்பட்டவள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போய் வந்தே முப்பது வருடத்துக்கு மேல் பொறியாளராக வேலை பார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் பொறுப்பில் பழைய பொதுக் கட்டடங்களும் சில சத்திரங்களும் இருந்தன. கலவை விகிதமும் கம்பிக் கணக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ரத வீதி ஒன்றில் மேற்குப் பார்த்த ஒரு சத்திரம். எந்தச் சத்திரம் என்று கேட்காதீர்கள். கீழே உருண்டைத் தூண்கள் வைத்த முன்கூடம், அதன் மேல் தெருவைப் பார்த்து வளைவு வளைவாக ஜன்னல்கள் வைத்த மேல்கூடம், பின்னால் ஓடு வேய்ந்த சாப்பாட்டுக்கூடம். முன்கூடத்துக்கும் மேல்கூடத்துக்கும் நடுவே ஏழு தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த தளம். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் எட்டாத தூண்களெல்லாம் அங்கே கிடையாது. அளவாக, மரியாதையாகக் கட்டிய கட்டடம்.

நான் முதலில் அங்கே போனபோது வேலையில் நன்றாகக் காலூன்றிவிட்ட காலம். ஆபத்தான காலம் அதுதான். புதிதாக வந்தவர்களுக்குப் பயம் இருக்கும், கேட்டுக்கொள்வார்கள். எனக்கு அது போயிருந்தது. சாரல் அடித்து முன்சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். சாரம் கட்டி ஏறிப் பார்த்தேன். உத்திரத்தின் தலை சுவருக்குள் போய் உட்காரும் இடத்தில் சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேலை தெரியாதவன் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசவும், சந்துகளை சிமெண்ட் வைத்து அடைக்கவும் எழுதினேன்.

கொத்தனார் கரண்டியை வைத்துக்கொண்டு செத்த நேரம் யோசித்தார்.

"இது காத்துக்குன்னு விட்டதும்மா."

"காத்துக்குத்தான் ஜன்னல் இருக்கே" என்றேன்.

சாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடைக்க ஆரம்பித்தார். இந்த வயதிலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது. நான்கு உத்திரங்களை முடித்தபோது கொத்தனாருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தேர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மீதி மூன்றைப் பொறவு பார்த்துக்கொள்ளலாம் என்று சாரத்தைப் பிரித்துவிட்டோம். பொறவு யாரும் பார்க்கவில்லை. சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

அந்தச் சத்திரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடிப்பூரத் தேருக்கு, சத்திரத்தைக் கட்டியவர்களின் குடும்பத்தினர் சென்னை, பெங்களூரு, தூத்துக்குடி என்று எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். மேல்கூடத்து ஜன்னல்களில் நிற்பார்கள். தேர் அந்த இடத்தைத் தாண்டும்போது ஆண்டாளும் அவர்களும் ஒரே உயரத்தில் இருப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வருவது. தேர் தாண்டும்வரை யாரும் ஒரு பருக்கை சோறு தொடமாட்டார்கள். தாண்டிய பிறகுதான் பந்திக்கு இலை விழும். இன்னொரு வழக்கம், தேருக்குப் பத்து நாள் முன்னால் உத்திரங்களுக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் எனாமல் பெயிண்ட் அடிப்பது. வருடம் தவறாமல் ஒரு பூச்சு. ஆண்டாள் வருகிற வழியில் மரம் வெளுத்துக் கிடக்கக் கூடாது என்பார்கள்.

அந்தப் பெயிண்ட் காய்ந்ததும் நான் போவேன். அண்ணாந்து பார்ப்பேன், ஏணி போட்டு இரண்டு இடத்தில் விரல் முட்டியால் தட்டுவேன், மேலே ஆட்களை ஏற்றலாம் என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பத்தொன்பது வருடம் இப்படிப் போட்டேன். நான் தட்டியது பத்தொன்பது பூச்சு பெயிண்டை என்பது எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் இருந்தபோது வந்த தேர் அது. திங்கட்கிழமை சான்றைக் கொடுத்துவிட்டேன். தேரன்று காலை ரத வீதிகளில் எனக்குச் சுற்றுப் பணி. சத்திரத்தைத் தாண்டும்போது, அங்கே கூட்டிப் பெருக்கும் பெண் விளக்குமாறோடு வெளியே வந்து என்னை மறித்தார். ஐம்பது வயது இருக்கும். அதற்கு முன் அவரிடம் நான் பேசியதே இல்லை.

"அம்மா, செத்த நில்லுங்க. மூணாவது உத்தரத்துக்குக் கீழ மூணு நாளாப் பொடி விழுது."

"கரையானா இருக்கும். பொறவு பாக்கச் சொல்லுதேன்."

"கரையான்னா மண்ணுல்லா வரும். இது காஞ்ச பொடி. நானும் கூட்டிக் கூட்டி அள்ளுதேன்."

"சரி, பாக்கலாம்."

"அம்மா, மேல ஆள் நடந்தா விழுது. நடக்கலன்னா விழல."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு வருகிற செய்தி யாருக்கும் பிடிக்காது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டி என்னால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. பந்தல்காரரிடம் ஏணியும், சீரியல் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் திருப்புளியும் வாங்கினேன். மூன்றாவது உத்திரம் சுவரைத் தொடும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பழுத்த கொய்யாவுக்குள் போவதுபோலப் பிடிவரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது பெயிண்ட் தோல் மட்டும் கிழிந்து தொங்கியது, உள்ளே மரமே இல்லை.

தலைக்கு மேலே நூறு பேர் இருந்தார்கள். பாதிக்குமேல் வயதானவர்கள். வடம் தொட்டாகிவிட்டது. தேர் எங்கள் தெருவுக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகலாம். திரும்பினால் அந்த நூறு பேரும் ஒன்றாக ஜன்னல் பக்கம் வருவார்கள். உத்திரத்தின் உளுத்த தலையும் அந்தப் பக்கம்தான்.

பந்தல்காரரிடம் மிச்சமிருந்த சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னேன். முட்டு ஒரு சமாதானம்தான். ஆட்களை இறக்க வேண்டும், ஆனால் எப்படி இறக்குவது? ஒலிபெருக்கியில் கட்டடம் ஆபத்து என்று சொன்னால் நூறு பேரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். இருப்பது ஒரு குறுகிய மரப்படி. நான் பயந்தது விழப்போகிற உத்திரத்துக்கு மட்டும் அல்ல, அந்தப் படிக்கும்தான்.

சத்திரத்தின் நிர்வாகி எழுபதைத் தாண்டியவர். தலைமை ஆசிரியராக இருந்தவர், குரலை உயர்த்தாமலே எல்லாரையும் அடக்கி வைத்திருப்பவர். அவரைத் தூண் மறைவுக்குக் கூட்டிப் போனேன்.

"சார், மேல இருக்கவங்கள இறக்கணும். மூணாவது உத்தரம் உளுத்துப் போச்சு."

"போன திங்கக்கிழமைதானம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திய?"

"போட்டேன். தப்பாப் போட்டேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். கிழிந்த பெயிண்டைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை அப்படித்தான் பார்த்திருப்பார்.

"இப்ப என்ன செய்யணுங்கிய?"

"இலை போடச் சொல்லுங்க."

"தேர் தாண்டாம இங்க இலை விழுந்தது கெடையாது. எங்க அய்யா காலத்துலயும் இல்ல, அவிய அய்யா காலத்துலயும் இல்ல."

"தெரியும் சார். கட்டடம் ஆடுதுன்னா ஓடுவாவ. சாப்பாடுன்னாத்தான் நடந்து வருவாவ."

"வர மாட்டாவம்மா. எவனும் வர மாட்டான்."

"நீங்க உக்காந்தா வருவாவ."

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேரே பின்னால் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய், முதல் இலையைத் தானே விரித்து உட்கார்ந்து, சோறு வைக்கச் சொன்னார். பரிமாறுகிறவர் வாளியோடு திகைத்து நின்றார். "வையிடா" என்றார். எழுபது வருடத்தில் முதல் தடவையாகத் தேருக்கு முன்னால் அவர் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளமாக எடுத்து வாயில் வைத்து விழுங்கினார், கண்ணில் நீர் நின்றது. உங்கள் வேலைக்காலத்தில் எத்தனையோ துணிச்சலைப் பார்ப்பீர்கள். நான் பார்த்ததில் பெரியது அது.

செய்தி மேலே போன வேகத்தைச் சொல்ல வேண்டும். "பெரியவுக சாப்பிட உக்காந்துட்டாகளாம்" என்று ஒருவர் சொல்ல, நம்பாமல் பார்க்க வந்தவர்களே முதலில் இறங்கினார்கள். நான் படியின் தலைப்பில் நின்றுகொண்டேன். "பந்திக்கு எட்டு இலைதான், எட்டு எட்டாப் போங்க" என்று எண்ணி அனுப்பினேன். கீழே பெருக்கும் பெண் படியடியில் நின்று, வருகிறவர்கள் முன்கூடத்தில் தங்கிவிடாமல் பின்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். முனகினார்கள், திட்டினார்கள், ஆனால் நடந்து வந்தார்கள்.

கடைசியில் ஒரு மூதாட்டி மட்டும் ஜன்னலோரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். தூத்துக்குடியிலிருந்து வந்தவர்.

"ஆச்சி, இறங்குங்க."

"எனக்குச் சோறு வேண்டாம்."

அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் பயப்படவில்லை.

"எனக்கு எம்பத்தி மூணு. அடுத்த தேருக்கு இருப்பனோ என்னமோ. நா ஒருத்தி இருந்தா உன் உத்தரம் தாங்காதா?"

தாங்கியிருக்கும். ஒருவரைத் தாங்கியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவரை விட்டால் அவர் மகள் வருவார், மகளைப் பார்த்துப் பேரன்கள் வருவார்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கச் சொன்னேன். படி இறங்கும்போது அவர் அழுதார். அடுத்த வீட்டு வாசலில் வைத்தோம். கூட்டத்துக்கு மேலே தேரின் உச்சித் துணி மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த தேருக்கு அவர் இல்லை. சரியான முடிவு என்றால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள்.

தேர் வந்தது, தாண்டியது. தளம் விழவில்லை. ஒரு செங்கல்கூட விழவில்லை. அதற்குள் விஷயம் தெரிந்துவிட்ட நூறு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஒண்ணும் ஆகலையே" என்று ஓர் இளைஞர் என் முகத்துக்கு நேரே கேட்டார். ஒன்றும் ஆகாமல் போனதற்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை இந்தத் தொழிலில் மட்டும்தான் வரும். நான் கேட்கவில்லை.

மறுவாரம் சுவரை உடைத்து, அன்றைக்கு அடைத்த நான்கு உத்திரங்களின் தலைகளையும் திறந்தோம். மரத்தைக் கையால் அள்ளி எடுத்தோம். சாரலின் ஈரம் விரிசல் வழியாக உள்ளே போயிருக்கிறது. வெளியே வர சிமெண்ட் விடவில்லை. கொத்தனார் சொன்ன காற்றும் போகவில்லை. சத்திரத்தின் உறுப்பினர்கள் கூடினார்கள். அதில் பாதிப்பேர், பழசாகிவிட்டது, ஆயுசு முடிந்தது, இடித்துவிட்டுக் கீழே கடைகளும் மேலே கல்யாண மண்டபமும் கட்டலாம் என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது என் அறிக்கை ஒன்றுதான். காரணம் என்ற இடத்தில் 'கட்டடத்தின் வயது' என்று இரண்டு சொல். என் மேலதிகாரியும் அதையே சொன்னார்.

"ரெண்டு வார்த்தை எழுதிட்டுப் போங்கம்மா. எட்டு மாசத்துல வீட்டுக்குப் போகப் போறிய. எதுக்கு வம்பு?"

இரண்டு நாள் எதையும் எழுதவில்லை. பயம்தான். பத்தொன்பது சான்றுகள் என் கையெழுத்தோடு கோப்பில் இருந்தன. வயது என்று எழுதினால் என்னை யாரும் கேட்கமாட்டார்கள், கட்டடம் போய்விடும். சிமெண்ட் என்று எழுதினால் கட்டடம் நிற்கும், நான் பதில் சொல்ல வேண்டும். எப்படிப் புரட்டினாலும் மூன்றாவது வழி ஒன்று கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆள் வைத்து, அன்றைக்குக் கொத்தனாருக்குக் காய்ச்சல் வந்ததால் நாங்கள் தொடாமல் விட்ட அந்த மூன்று உத்திரங்களைத் துளை போட்டுப் பார்த்தேன். அதே வயது, அதே மரம், அதே சுவர். துளைக்கிற கருவி முனகியது. வெளியே வந்த தூளில் தேக்கு வாசம் அடித்தது.

அன்று மாலையே எழுதினேன். கட்டடத்தின் வயது காரணம் அல்ல. என் மதிப்பீட்டின்படி, என் மேற்பார்வையில் அடைக்கப்பட்ட சந்துகளும் சிமெண்ட் பூச்சுமே காரணம். தொடாத உத்திரங்கள் உறுதியாக உள்ளன. நான்கு உத்திரங்களின் தலையை மட்டும் மாற்றி, சந்தைத் திறந்து, சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்பினால் இடிக்க வேண்டியதில்லை. சத்திரத்தின் துப்புரவுப் பணியாளர் கவனித்துச் சொன்னதால்தான் இது தெரியவந்தது. அவர் பெயரையும் எழுதப் போனேன். "பேரைப் போட்ராதீங்கம்மா, பொறவு எல்லாரும் என்னயத்தான் கேப்பாவ" என்று அவர் தடுத்துவிட்டார். அதனால் இங்கேயும் போடவில்லை. எனக்கு மேலதிகாரிகள் பலர் இருந்தார்கள். கட்டடத்தைப் பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். நான் வருடத்துக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன். அவர் தினமும் குனிந்து பார்த்தார்.

மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன், விசாரணைக்குப் போய் நின்றேன். ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டார்கள், ஓய்வூதியத் தாள்கள் மட்டும் பல மாதம் நகரவில்லை. வீட்டில் எல்லாரும் புலம்பினார்கள். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறிக்கையில் ஒரு சொல்லை மாற்றியிருக்கலாமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அறிக்கை போன பிறகு இடிக்கும் பேச்சு நின்றது. நிர்வாகி தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்க எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். "தெரிஞ்சிருக்காது சார்" என்றேன். 

வேலையை என் இடத்துக்கு வந்த பெண் பொறியாளர் எடுத்துச் செய்தாள். சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. ஒரு வருடத் தேருக்குள் வேலை முடியவில்லை, மேல்கூடம் பூட்டியே கிடந்தது, ஆளாளுக்கு அவளை நெருக்கினார்கள். அடுத்த தேருக்கு ஒரு வாரம் முன்னால் எனக்குக் கூப்பிட்டாள்.

"மேடம், சான்று கேக்காங்க. பயமா இருக்கு."

"ஒவ்வொரு தலையும் திறந்து பாத்தியா?"

"பாத்தேன். ஏழும் பாத்தேன்."

"பெயிண்டு?"

"ஒரு சொட்டு அடிக்க விடல. எண்ணெய் மட்டும்தான்."

"அப்பப் போடு. பயமா இருந்தாலும் போடு."

தேரன்று என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். மேல்கூடத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். நிர்வாகி படியடியில் என் கையைப் பிடித்து, மேலே முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்பதாகச் சொன்னார். செத்த நேரத்தில் வருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, நான் கீழே முன்கூடத்துக்குள் போனேன். தேர் தாண்டும்வரை அந்த உத்திரத்துக்குக் கீழே நிற்பது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கூடம் காலியாக இருந்தது. எல்லாரும் மேலேயோ தெருவிலோ இருந்தார்கள். மூன்றாவது உத்திரத்துக்கு நேர் கீழே அந்தப் பெண் பொறியாளர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ மேல போகலையா? தேர் திரும்பிருச்சே."

"இல்ல மேடம். கையெழுத்து என்னோடதுல்லா."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். தெருவில் சத்தம் பெருகியது. மேலே நூறு பேரின் காலடிகள் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் நகர்ந்தன. தேர் தாண்டிப் போகும்வரை நாங்கள் இருவரும் அங்கிருந்து நகரவில்லை.